கேஸ்டிகேட் என்று நான் எழுதிய பிற்பகல்

1

இந்தக் கதை ஒரு வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கேஸ்டிகேட். கடுமையாகக் கண்டிப்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் கனமான சொல். வீட்டில் யாரும் யாரையும் கேஸ்டிகேட் செய்வதில்லை. நீதிபதி அரசாங்கத்தைச் செய்வார்; தலையங்கம் அமைச்சரைச் செய்யும். நான் அதை அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் லைன் லீடராக இருந்த பூங்காவனம் அக்காவுக்குப் போட்டேன். அதனால் அவருக்கு வேலை போகும் போலிருக்கிறது.

ஆரம்பத்தை வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன். "ஆவடி சேக்காட்டில் விடியுமுன் எழும் ஒரு பெண்" – வேண்டாம், அவர் எத்தனை மணிக்கு எழுவார் என்று எனக்குத் தெரியாது. "இயந்திரங்களின் இசை நடுவே" – இசையாவது கிசையாவது, காது கிழியும். இரண்டையும் அடித்துவிட்டேன், அடித்தது தெரியட்டும் என்று விட்டும்விட்டேன்.

2

நடந்தது இதுதான். பிரஸ்ஸில் தகட்டை வைக்கும் இடத்தில் கை போகாமல் ஒரு கம்பித் தடுப்பு இருக்கும். கார்டு என்பார்கள். ஜோதிகா என்ற பெண், கான்ட்ராக்ட் ஆள், வயது இருபத்திரண்டு, அன்றைய எண்ணிக்கையை எட்டுவதற்காக கார்டை மேலே தூக்கிக் கம்பியால் கட்டிவிட்டாள். (அவள் மட்டுமல்ல. அவசரம் என்றால் எல்லோரும் கட்டுவார்கள். மேலே இருப்பவர்கள் அந்தப் பக்கம் பார்க்கமாட்டார்கள்.) பூங்காவனம் அக்கா பார்த்தார். ஓடிவந்து மிஷினை நிறுத்தி, அவள் தோளைப் பிடித்து இழுத்தார். பிறகு ஷிஃப்டே கேட்கும்படி கத்தினார்.

"கண்ணு இன்னா பொடனிலயா கீது? கை போச்சுன்னா உங்காத்தாளுக்கு நான் இன்னாடி பதில் சொல்றது? கவுண்டு கம்மியானா நாளிக்கு அடிச்சிக்கலாம், வெரலு மொளைக்குமாடி, கம்னாட்டி!"

இதன்பின் சொன்னவற்றை நான் அச்சில் போடமாட்டேன். ஜோதிகா அழுதாள். அழுதுகொண்டே கம்பியை அவிழ்த்தாள்.

3

மிஷின் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு ஃபைலுக்குப் போகவேண்டும். அதை எழுதுவது என் வேலை. எச்.ஆர். அசிஸ்டென்ட்; படித்தது பி.ஏ. ஆங்கில இலக்கியம், அவ்வப்போது கதை எழுதுகிறவன். அக்காவின் வார்த்தைகளை ஃபைலில் ஏற்றக் கூச்சமாக இருந்தது. 'ஸ்கோல்ட்' பள்ளிக்கூடத்துச் சொல்லாகப் பட்டது. ஃபோனில் தேடினேன். கேஸ்டிகேட்: கடுமையாகக் கண்டித்தல், தண்டித்துத் திருத்துதல். (வேர் தேடிப் போனால் லத்தீனில் 'தூய' என்று வருகிறதாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.)

'லைன் லீடர், ஆபரேட்டரை அனைவர் முன்னிலையிலும் கேஸ்டிகேட் செய்தார்.' இவ்வளவுதான் குறிப்பு.

மூன்று வாரம் கழித்து, எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, தொழிலாளர்களை எப்படி நடத்துகிறோம் என்று பார்க்க அனுப்பிய ஆடிட்டர் அந்த வரியில் விரலை வைத்தார். ஒரு பெண் தொழிலாளியை எல்லோர் முன்னாலும் தண்டித்தார்களா? அன்று மாலையே அக்காவை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். நாளை, திங்கட்கிழமை, பத்து மணிக்கு விசாரணை.

ஜோதிகாவைக் கேட்டேன். "அக்கா கத்தலன்னா எனக்கு கை இல்ல சார். ஆனா கார்ட நான் கட்டுனேன்னு சொன்னா என்னிய இன்னிக்கே அனுப்சிருவாங்க. ஊட்ல நான் ஒருத்தி சம்பாரிச்சாதான் சார்," என்றாள். அவளைக் கோழையாகக் காட்டி ஒரு பத்தி எழுதினேன். என் யோக்கியதைக்கு அது கொஞ்சம் அதிகம் என்று தோன்றியது, எடுத்துவிட்டேன்.

4

இன்று காலை, இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு சேக்காட்டில் அக்கா வீட்டுக்குப் போனேன். "உக்காருங்க சார்" என்றார். அதுவரை என்னை 'நைனா' என்றுதான் கூப்பிடுவார். படித்துக் காட்டினேன். மாவு பிசைந்த கையோடு நின்றபடியே கேட்டார்.

"அந்த இங்கிலீசு வார்த்தைக்கு அர்த்தம் கண்டிக்கிறதுதான?"

"ஆமாக்கா. கடுமையா."

"அப்ப பொய்யி இல்லயே. கண்டிச்சேன்தான். கடுமையாத்தான் கண்டிச்சேன்." விரலில் ஒட்டிய மாவை உதிர்த்தார். "எதுக்கு கண்டிச்சேன்னு எழுதலியா சார்?"

ஷிஃப்டையே நடுங்க வைக்கிறவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று இருந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து பஸ் பிடித்தேன்.

5

உங்களிடமும் ஒன்றை மறைத்துவிட்டேன். கூச்சம் என்று மேலே எழுதியது பாதிதான் உண்மை. என் முதல் குறிப்பில் கார்டு இருந்தது. மேனேஜர் படித்துவிட்டு, "கார்டு கட்டியிருந்துதுன்னு போனா ஆர்டர் போயிடும்பா, எடுத்துரு" என்றார். எடுத்தேன். காரணம் போனதும் வரி மொட்டையாக நின்றது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் பெரிய சொல்லாகத் தேடினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முடிவு ஒன்று: நான் எல்லாவற்றையும் கடிதமாகக் கொடுக்கிறேன், அக்கா லைனுக்குத் திரும்புகிறார், ஜோதிகா – இங்கே நின்றுவிட்டது. ஜோதிகாவை எங்கே வைப்பது?

முடிவு இரண்டு: கொடுக்கவில்லை. அக்கா வேறு கம்பெனியில் சேர்ந்து – யார் சேர்த்துக்கொள்வார்கள், நாற்பத்தேழு வயதில், இப்படியொரு பேரோடு?

மூன்றாவது என் பையில் இருக்கிறது. குறிப்பிலிருந்து கார்டை நீக்கியது நான், நீக்கச் சொன்னது யார், எல்லா மிஷினிலும் அது கட்டப்படுவது யாருக்கெல்லாம் தெரியும் என்று ஒரு கடிதம். ஜோதிகாவின் பெயர் அதில் இல்லை. கையெழுத்து இன்னும் போடவில்லை.

போடுவேனா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். போடுவான், நல்ல பையன்தான் என்று உங்களுக்குத் தோன்றினால் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். என்னைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இந்தக் குறிப்பில் இருப்பதுதான். இதையும் நான்தான் எழுதினேன்.