சேற்றில் ஓடிய தொங்காங்

ஏரம்பமூர்த்திக்குத் தண்ணீர் என்றாலே பயம். பத்தொன்பது வயதில் அவன் கப்பல் பயிற்சியில் சேர்ந்தது சோற்றுக்காகத்தான். ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் அது. பினாங்கில் எந்த வீட்டு அடுப்பிலும் மரவள்ளிக்கிழங்குதான் வெந்தது. பாய்க்கப்பலில் பழகி நெஞ்சுரம் பெற வரும் இளைஞர்களுக்குத் தினம் ஒரு வேளை அரிசிச் சோறு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள்.

கப்பல் என்று அவர்களுக்குக் காட்டியது சுங்கை பினாங் கழிமுகத்தில் கிடந்த பழைய தொங்காங். குண்டு விழுந்த நாளில் ஆட்கள் விட்டுவிட்டு ஓடிப்போக, அந்தச் சரக்கு மரக்கலம் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இழுத்தும் தள்ளியும் பார்த்தார்கள். அசையவில்லை. பயிற்சிக்குப் பொறுப்பான ஜப்பானிய அதிகாரி ஒகாபே தன் ஊரில் பூகோள வாத்தியாராக இருந்தவர். சுமத்திரா போய் இருபத்தோராம் நாள் திரும்ப வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. முடியாது என்று எழுத அவருக்குத் துணிவில்லை. அதனால் குறித்த நேரத்தில் கப்பல் புறப்பட்டது, இருந்த இடத்திலேயே.

எல்லாம் முறைப்படி நடந்தது. காலையில் பாய் ஏற்றினார்கள், காற்றுக்குத் தக்கபடி கயிறு மாற்றிக் கட்டினார்கள். ஏரம்பமூர்த்தி சுக்கான் பிடித்தான். அலை அதிகம் என்று ஒகாபே சொன்ன நாட்களில் எல்லாரும் தள்ளாடித்தான் நடக்க வேண்டும். யாரும் இறங்கக் கூடாது. நடுக்கடலில் எங்கே இறங்குவது?

மூன்றாம் நாள் அவன் அக்கா யோகம்மா கருவாட்டுக் குழம்போடு வந்தாள். தம்பி நாற்பது மைல் தூரத்தில் இருக்கிறான் என்று காவல்காரன் தடுத்தான். தம்பியோ கண்ணெதிரே பாய் மடித்துக்கொண்டிருந்தான். கடல்மேல் யாரும் நடந்து வருவதில்லை, ஏதாவது ஒரு கலத்தில் வரலாம் என்று ஒகாபே பணிவாக விளக்கினார். மறுநாள் யோகம்மா துணி துவைக்கும் மரத்தொட்டியைச் சேற்றில் இறக்கி, அதில் உட்கார்ந்து, கம்பால் உந்தி உந்தி வந்து சேர்ந்தாள். ஒகாபே சல்யூட் வைத்துக் கயிறு வீசச் சொன்னார்.

“இங்க காத்து எப்படி, தம்பி?” என்று கேட்டாள்.

“பரவால்லக்கா. நாளைக்குக் கரை தெரியும்.”

சொன்ன பிறகுதான், தான் அதை நம்பியே சொன்னது அவனுக்கு உறைத்தது. பயந்துபோனான்.

பத்தொன்பதாம் நாள் பௌர்ணமிக் கடல் ஓதம் ஏறியது. கூடவே மழையும் சூறைக்காற்றும். தொங்காங் ஒருமுறை முனகியது. அப்புறம் சேற்றை உதறிக்கொண்டு மிதந்து, கரையை விட்டு விலகியது. ஒகாபே பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கப்பலின் அன்றைய நாட்குறிப்பில் காற்றே இல்லை, கப்பல் நிற்கிறது என்று காலையிலேயே எழுதியாகிவிட்டதால் யாரும் எதையும் தொடக் கூடாது என்றார். சொல்லி முடிப்பதற்குள் வாந்தி எடுத்தார்.

ஏரம்பமூர்த்தி தண்ணீரைப் பார்க்காமல் கண்ணை இறுக மூடினான். கை மட்டும் சுக்கானைத் திருப்பியது. பாய்க் கயிற்றருகே நின்ற கூட்டாளியிடம், “வின்சென்ட், பாயப் பாதி இறக்குடா. நாம நெசமா ஓடிக்கிட்டிருக்கோம்” என்றான்.

இரண்டு மணி நேரம் ஓடினார்கள். பினாங் தீவுக்கு அக்கரையில், ஜுரு ஆற்று வாயில், தொங்காங் மறுபடி சேற்றில் உட்கார்ந்தது. குறிப்பின்படி பினாங் சேர இன்னும் இரண்டு நாள் இருந்ததால் அங்கேயே காத்திருந்தார்கள். இருபத்தோராம் நாள் ஒகாபே அவர்களை வரிசையில் நிறுத்தி, பினாங் வந்து சேர்ந்ததற்காகப் பாராட்டி, ஆளுக்கொரு சான்றிதழ் தந்தார். இது ஜுரு என்று வின்சென்ட் சொல்லிப் பார்த்தான். அவன் சான்றிதழைத் திரும்ப வாங்கி, நன்னடத்தை என்ற வரியை மட்டும் அடித்துக் கொடுத்தார்.

ஏரம்பமூர்த்தியும் வின்சென்ட்டும் தீவுக்குத் திரும்ப, புக்கிட் தெங்கா வழியாக நடந்து பட்டர்வொர்த் படகுத்துறைக்குப் போனார்கள். காவலன் சான்றிதழை வாசித்தான். பினாங்கில் இருக்கிறவர்கள் பினாங்குக்குப் போக அனுமதி கிடையாது என்று திருப்பி அனுப்பினான்.

சற்றுத் தள்ளி சீனி முகம்மது என்பவர் பாய்ப்படகில் விறகு ஏற்றிக்கொண்டிருந்தார். அவருடைய சுக்கான்காரனை ரயில் பாதை போடப் பிடித்துப் போய்விட்டார்களாம்.

“சுக்கான் புடிக்கத் தெரியுமா, தம்பி?”

“தெரியும்ணே. சேத்துல பத்தொம்பது நாள், கடல்ல ரெண்டு மணி நேரம்.”

அவர் அவனை ஒருமுறை பார்த்தார். “அந்த ரெண்டு மணி நேரம் போதும்லா. ரெண்டு பேரும் ஏறுங்க.”

மத்தியானம் பினாங்கின் ஜார்ஜ் டவுன் கரையில் விறகை இறக்கினார்கள். நாளைக்கும் வருகிறாயா என்று சீனி முகம்மது கேட்டார். ஏரம்பமூர்த்தி வருவதாகச் சொல்லிவிட்டு, அக்காவிடம் சொல்ல வீட்டை நோக்கி நடந்தான். தரை லேசாக ஆடுவதுபோல் இருந்தது.