அக்காவின் படத்தில் இல்லாத மச்சம்

1

இந்தக் கதை ஒரு சாக்காகப் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பாதியில் தெரிந்துகொண்டு என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தோல் டாக்டரிடம் போகச் சொல்லி அத்தான் நச்சரித்துக்கொண்டிருந்தார். "கதை ஒண்ணு பாதியில நிக்குது அத்தான். முடிச்ச மறுநாளே போயிடறேன்" என்றேன். அப்படிச் சொன்னபோது கையில் ஒரு வரிகூட இல்லை. சொன்ன பொய்யை உண்மையாக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். என் தொழிலே அதுதானே.

அத்தான் என் அக்காவின் கணவர். போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். என் புது நாவலின் பின்னட்டைக்காக என்னைப் படம் எடுத்தார். எடுத்ததைக் கணினியில் பெரிதாக்கிக்கொண்டே வந்தவர், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் எனக்கிருக்கும் மச்சத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"இது முன்னாடி இவ்ளோ பெரிசா இருந்துச்சா?"

"எனக்கென்ன தெரியும்? ஸ்கேல் வெச்சு அளந்துட்டா இருக்கேன்?"

"இரு, போன புத்தகத்துக்கு எடுத்த படத்தோட ஒத்துப் பாத்துடலாம்."

திறந்து பார்த்தோம். அதில் நான் இருந்தேன், புன்னகை இருந்தது, மச்சம் இல்லை. அத்தானே அழித்திருந்தார். அதற்கு முந்தைய புத்தகத்திலும் இல்லை. அதற்கும் முந்தையதில் என் இரண்டாவது மோவாயும் இல்லை.

வேறு வீடாக இருந்தால் சிரித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அக்கா ஒரு மச்சத்தால் செத்துப்போ—

[இந்த வாக்கியத்தை நிறுத்திவிட்டேன். மச்சத்தால் யாரும் சாவதில்லை. அக்காவுக்கு வந்தது மெலனோமா என்கிற தோல் புற்றுநோய். பழைய மச்சத்திலேயே அது குடியேறலாம். புது மச்சம் போல வேடம் போட்டுக்கொண்டும் வரலாம். வேடம் என்ற சொல் என்னுடையது. டாக்டர் இவ்வளவு அழகாகப் பேசவில்லை.]

ஆக, விஷயம் இதுதான்: என்னுடையது வெறும் மச்சமா, இல்லையா? கதை முடிகிறவரை அது தெரியப் போவதில்லை. கதை முடியாமல் பார்த்துக்கொள்வது என் கையில் இருக்கிறது.

2

நான் குடும்பக் காதல் கதைகள் எழுதுகிறவள். பிரிந்த தம்பதி சேருவார்கள், மாமியார் மனம் மாறுவார், நாயகிக்குக் கட்டாயம் ஒரு மச்சம் இருக்கும். அதிர்ஷ்டம் உள்ளவளை மச்சக்காரி என்று கொஞ்சுகிற பாஷையில் எழுதிக்கொண்டு வேறென்ன செய்வேன்? உதட்டோரம், இடுப்பு, தோள் என்று நாவலுக்கு நாவல் இடம் மாற்றி வைத்திருக்கிறேன். நாயகன் அதைப் பார்த்துத் தடுமாறாத கதை ஒன்றுகூடக் கிடையாது.

எனவே வழக்கம்போலவே தொடங்கினேன்.

முதல் தொடக்கம்:

அவன் அவளுடைய கூந்தலை மெல்ல ஒதுக்கினான். கழுத்தோரம் அந்தச் சின்னக் கறுப்பு மச்சம். அவன் மூச்சு அதன்மேல் பட்டது. அவள் கண்களை மூடிக்கொண்டாள். "ஓரமெல்லாம் ஏன் இப்படிப் பிசிறா இருக்கு?" என்றான் அவன்.

பதிப்பாசிரியருக்கு அனுப்பிவைத்தேன். உடனே போன் வந்தது.

"மேடம், ஹீரோ டாக்டரா?"

"இல்லையே. கார் கம்பெனி முதலாளி."

"அப்புறம் ஏன் மேடம் முத்தம் குடுக்கற நேரத்துல ஓரம் பிசிறா இருக்குங்கறாரு?"

"அக்கறை."

"அக்கறை இருக்கட்டும். அடுத்த பக்கத்துல டார்ச் அடிச்சுப் பாக்கறாரே."

"அவருக்கு வெளிச்சம் பத்தலை."

"மூணாவது பக்கத்துல மாமனார் மாமியாரையும் கூப்பிட்டுக் காட்டறாரு மேடம்!"

அந்தத் தொடக்கத்தை விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: மச்சமே இல்லாத பெண் ஒருத்தி இருந்தாள்.

இதற்குமேல் ஓடவில்லை. அப்படி ஒருத்தியை என்னாலேயே நம்ப முடியவில்லை. முதுகை யார் பார்த்தது?

மூன்றாவது தொடக்கம்: அக்கா கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. பூப்போலப் பேசுவாள். நோயில் படுத்தபோதும் அந்தப் புன்னகை மாறாமல்—

இங்கே அத்தான் குறுக்கிட்டார். தினமும் கடையை மூடிவிட்டு வருவார், "முடிஞ்சிச்சா?" என்பார், முடியவில்லை என்றால் எழுதின வரைக்கும் கொடு என்று வாங்கிப் படிப்பார். மூன்றாவது தொடக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு இது?"

"அக்காதான்."

"எந்த அக்கா? என் பொண்டாட்டி சீட்டாட்டத்துல சீட்டை உக்காந்த இடத்துக்கு அடியில ஒளிச்சு வெச்சு ஜெயிச்சவ. ஊசி போட வந்த நர்ஸைப் பாத்து, 'உனக்கு யாரும்மா இந்த வேலையைக் குடுத்தது'ன்னு கேட்டவ. அவ பூப்போலப் பேசுவாளா?"

"போய்ச் சேந்தவங்களைப் பத்தி நல்லபடியா..."

"நீயும் டச்சிங் பண்றே, இருக்கறதை அழிச்சு அழகாக்கறே. என் பொழப்புதான் உன் பொழப்பும். என்ன, நான் கம்ப்யூட்டர்ல பண்றேன்."

அந்தத் தொடக்கத்தை அழிக்கவில்லை. மேலே அப்படியே விட்டிருக்கிறேன், அவமானத்துக்கு அடையாளமாக.

3

அக்காவின் மச்சம் இடது காதுக்குப் பின்னால், கழுத்தில் இருந்தது. அவளுக்கு அது பிடிக்காது. கல்யாணமான புதிதில், "என் போட்டோவுல அது தெரியவே கூடாது" என்று அத்தானிடம் சொல்லிவிட்டாள். அத்தான் அப்போது புது மாப்பிள்ளை. அவள் கேட்டிருந்தால் காதையே அழித்திருப்பார். அன்றிலிருந்து அவர் வீட்டுச் சுவர் நிறைய அக்கா; சிரிக்கிற அக்கா, திரும்பிப் பார்க்கிற அக்கா, மகனைத் தூக்கி வைத்திருக்கிற அக்கா. எல்லாப் படத்திலும் கழுத்து துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். பார்த்துப் பார்த்து, அவளுக்கு அங்கே மச்சம் உண்டு என்பதே எங்களுக்கு மறந்துபோனது.

சீப்பு பட்டு அதில் ரத்தம் கசிந்து, பிறகு ஆறாமல் அரித்துக்கொண்டே இருந்தபோதுதான் டாக்டரிடம் போனார்கள். அவர் கேட்டார்: "இது எப்பவும் இப்படித்தான் இருந்ததா, இல்ல மாறியிருக்கா? பழைய போட்டோ எதாவது இருந்தா கொண்டு வாங்களேன்."

எங்கள் வட்டாரத்திலேயே அதிகமாகப் படம் எடுக்கப்பட்டவள் அவள். ஒரு படம்கூட உதவவில்லை.

எனவே அது முன்பு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று குடும்பம் கூடி முடிவு செய்வதென்று ஆனது. [இதை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் கொஞ்சம் நம்பும்படியாகச் செய்திருப்பேன்.]

"எள்ளு அளவுதான் இருந்துச்சு" என்றார் பெரியம்மா.

"எள்ளா? கடுகு!" என்றார் சித்தப்பா.

"மிளகு" என்றாள் அம்மா. "நான்தானே தலை பின்னி விட்டேன்? நீங்களா பின்னினீங்க?"

"மிளகுன்னா எந்த மிளகு? பெரிசா, பொடிசா?"

சித்தப்பா எழுந்து சமையலறைக்குப் போய் மூன்றையும் ஒரு தட்டில் கொட்டிக்கொண்டு வந்தார். எல்லாரும் தட்டைச் சுற்றிக் குனிந்தார்கள்.

"நானும் இங்கதான் உக்காந்திருக்கேன்" என்றாள் அக்கா. "என்னையும் ஒரு வார்த்தை கேளுங்க."

"நீ சும்மா இருடி. உன் காதுக்குப் பின்னாடி இருக்கறதை நீ எங்க கண்டே?"

கை தூக்கச் சொல்லி வாக்கெடுப்பு நடந்தது. கடுகு ஜெயித்தது. அக்காவும் கடுகுக்குத்தான் கை தூக்கினாள். யாரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி அவள் கழுத்தைப் பார்க்கவில்லை.

அத்தான் டாக்டரிடம் போய், "கடுகு" என்று அறிவித்தார். டாக்டர் அக்காவின் தலையைத் திருப்பி மறுபடி பார்த்தார். இப்போது அது புளியங்கொட்டை அளவு இருந்தது. ஒரு பாதி கறுப்பு, மறு பாதி பழுப்பு, ஓரத்தில் சிவப்பு. துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வருவதற்குள் நோய் கழுத்தை விட்டு நுரையீரலுக்குப் போயிருந்தது. அடுத்த மழைக்காலத்துக்கு அக்கா இல்லை.

[இங்கே நாலு பக்கம் எழுதினேன். ஜன்னல் இருந்தது, வெளியே மழை இருந்தது, கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்ன கடைசி வார்த்தைகள் இருந்தன. எல்லாம் என் பழைய நாவல்களிலிருந்து நான் எடுத்து வந்தவை. கிழித்துவிட்டேன். அவள் நிஜமாகக் கடைசியில் என்னிடம் சொன்னது, "இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு என் எதிர்ல நிக்காதே, போய் டீ குடி" என்பதுதான். நான் போய் டீ குடித்தேன்.]

4

அத்தான் என்கிற கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நிஜத்தில் இருக்கிறவர்தான். ஆனால் கதைக்குள் நம்பும்படி இல்லை.

அக்கா போன பிறகு, யாருடைய மச்சத்தையும் அழிக்க மாட்டேன் என்றார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. படம் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம், அவரவர் மச்சத்தை மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கி, கீழே தேதி அச்சிட்டு, கேட்காமலேயே கொடுக்கத் தொடங்கினார். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவரை, "அப்படியே திரும்பி முதுகையும் காட்டிட்டுப் போங்க" என்றார். ஒரு மணப்பெண்ணின் அம்மா கல்யாண ஆல்பத்தை மேசைமேல் தொப்பென்று போட்டார்.

"முதல் பக்கத்துல என் பொண்ணும் மாப்பிள்ளையும் இருக்கணுமா, இல்ல மாப்பிள்ளையோட முழங்கை மச்சம் இருக்கணுமா? நீங்களே சொல்லுங்க!"

கூட்டம் குறைந்தது. மீட்டர் ரீடிங் எடுக்கிறவர் ஒருவர் மட்டும் திரும்பி வந்தார், சண்டைக்கு.

"உங்க பேச்சைக் கேட்டு லீவு போட்டு டாக்டர்கிட்ட போனேன். காலையிலேர்ந்து உக்கார வெச்சு, கடைசியில ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க!"

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லை! எதுக்குய்யா ஆளைப் பயமுறுத்தறீங்க?"

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?"

"ஒண்ணுமே இல்லைன்னு சொன்னாங்கல்ல, அதை."

அத்தான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மீட்டர்காரர் திமிறிக்கொண்டு ஓடினார். அன்று முழுவதும் எதிரில் வந்தவர்களிடமெல்லாம் அத்தான், "இன்னைக்கு நல்லாத் திட்டு வாங்கினேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எந்த வாசகர் இவரை நம்புவார்? காரணம் ஒன்று வேண்டும். அவரிடமே கேட்டேன். அவர் என் மேசையில் இருந்த பேனா மூடிகளை வரிசையாக அடுக்கினார்.

"அவ படத்தைத் திறந்தாலே கை தானா அந்த இடத்துக்குப் போயிடும். பிரஷ்ஷை வெச்சு ஒரு அமுக்கு. மச்சம் போயிடும். பிரஷ்ஷைப் பெரிசாக்கறதுக்கு ஒரு பட்டன் இருக்கு. ஆரம்பத்துல அதைத் தொட்டதே இல்லை. அப்புறம் ஒரு தடவை அமுக்க வேண்டியிருந்துச்சு. அப்புறம் ரெண்டு தடவை. கடைசியா மகனோட பொறந்தநாள் படத்துக்கு நாலஞ்சு தடவை அமுக்கினேன்."

அடுக்கின மூடிகளில் ஒன்றை எடுத்து என் பேனாவில் மாட்டினேன்.

"வளந்ததை நான் பாக்கலை. கை பாத்திருக்கு."

மிச்ச மூடிகளைக் கலைத்துவிட்டு, "உன்னோடதுக்கு எத்தனை தடவை அமுக்கினேன்? யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகமே வரமாட்டேங்குது" என்றார்.

[இந்த இடத்தில் ஓர் உவமை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.]

5

கைவசம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

அ. தோல் டாக்டர் காதோரம் நரைத்த அழகர். நாயகியின் மச்சத்தைப் பார்த்து, தொழிலை மறந்து தடுமாறுகிறார். மச்சத்தில் ஒன்றுமில்லை. ஆனால் அவர் வாராவாரம் பார்க்க வேண்டும் என்கிறார். பதிப்பாசிரியர் துள்ளிக் குதிப்பார்.

ஆ. மச்சம் பொல்லாததுதான். ஆனால் நேரத்தோடு வந்துவிட்டார்கள். வெட்டி எடுத்ததோடு சரி. அத்தான் தழும்பைப் படம் எடுத்துத் தேதி போடுகிறார்.

இ. டாக்டர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு—

இதை எழுத வரவில்லை. அக்காவின் டாக்டரும் முடிவைச் சொல்வதற்கு முன்னால் நாற்காலியை அப்படித்தான் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அத்தான் மூன்றையும் படித்தார்.

"இதுல எதை வைக்கப் போறே?"

"யோசிக்கணும் அத்தான். ஒரு மாசம் ஆகும்."

"முடிவே இல்லாம விட்டுடேன். பெரிய எழுத்தாளருங்கல்லாம் வாசகர்கிட்ட விட்டுடறாங்களே?"

"நான் அந்த மாதிரி எழுத்தாளர் இல்லை. என் வாசகிகளுக்குக் கல்யாணத்துல முடியணும்."

"யாருக்கு வேணுமோ அவங்களே பண்ணி வெச்சுக்கட்டும். செருப்பை மாட்டு."

"கதை முடிஞ்சாத்தான் வருவேன்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

"வாசகர்கிட்ட விட்டாச்சுன்னா உன் பங்கு முடிஞ்சது. அப்புறம் அவங்க பாடு. ஸ்கூட்டர் வெளியில நிக்குது, வா."

இத்தனை நாவல்கள் எழுதியும் இலக்கியத்தில் இப்படியொரு ஓட்டை இருப்பதை நான் கவனித்ததில்லை. ஒரு போட்டோக்காரர் கண்டுபிடித்துவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டேன்.

6

இதைக் காத்திருக்கும் அறையில் எழுதுகிறேன். நாற்காலிகளை ஒன்றோடொன்று சேர்த்துத் திருகி வைத்திருக்கிறார்கள். ஒருவர் காலாட்டினால் வரிசையே ஆடுகிறது. ஆட்டுகிறவர் அத்தான். முன்வரிசையில் இருப்பவரின் பிடரியை அவர் எட்டி எட்டிப் பார்க்கிறார்.

"அத்தான், அவரே டாக்டரைப் பாக்கத்தான் வந்திருக்காரு."

"இல்ல, சரியான இடத்தைக் காட்டுவாரான்னுதான்..."

"கொஞ்சம் சும்மா இருங்களேன்."

"உனக்குப் பயமா இருக்கா?"

"ஆமா."

இந்த ஒரு வார்த்தையை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றியிருக்கிறேன் போலிருக்கிறது. அவர் காலாட்டுவதை நிறுத்தினார். "நானும் உள்ள வரட்டுமா?" என்றார். "வேண்டாம்" என்றேன்.

நர்ஸ் கூப்பிட்டுவிட்டார்.

"துணியெல்லாம் மாத்திட்டு இந்த அங்கியைப் போட்டுக்கங்கம்மா. டாக்டர் உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் பாப்பாங்க. செயின், கண்ணாடி, கையில இருக்கறது எல்லாத்தையும் வெளியிலயே குடுத்துடுங்க."

"ஒரே ஒரு வரி மட்டும் எழுதிட்டு வந்துடறேன் சிஸ்டர்."

"என்னம்மா நீங்க, பரீட்சையா எழுதறீங்க? வாங்க, வாங்க."

பை, கண்ணாடி, செயின் எல்லாவற்றையும் அத்தான் மடியில் போட்டேன். பேனாவுக்கும் கை நீட்டினார். தரவில்லை. அவர் கையில் கிடைத்தால் எனக்கு நோகாத முடிவாகப் பார்த்து எழுதி வைத்துவிடுவார். எனவே உங்களிடம் தருகிறேன். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளே என்ன சொல்கிறார்களோ அதையே எழுதுங்கள், அழகாக்க வேண்டாம். இந்தாருங்கள், கொஞ்சம் பிடி—