சிரட்டை வென்ற ஆட்டம்

இனிச் சீட்டுக் கடுதாசியைத் தொடமாட்டேன் என்று தில்லைநாதன் சந்நிதி முருகனுக்கு முன்னால் எத்தனையோ தரம் சத்தியம் செய்திருக்கிறான். அவன் கொளுத்திய கற்பூரம் அத்தனையையும் ஒரே நாளில் கொளுத்தியிருந்தால், தொண்டைமானாற்றுக் கடலில் மீன்களெல்லாம் புகை தாளாமல் இருமியிருக்கும். முருகன் நம்பினாரோ தெரியாது. மனைவி பராசக்தி ஒவ்வொரு தரமும் நம்பினாள்.

எழுபத்திரண்டாம் ஆண்டு மிளகாய்க் காலம். ஒரு காலை, வண்டில்கார மார்க்கண்டு கரவெட்டியில் அவர்கள் வீட்டுப் படலையடியில் வந்து நின்றான்.

"அக்கா, ஞாயிற்றுக்கிழமை மிசின் ஏத்த எப்ப வரட்டும்?"

"எந்த மிசின்?"

"உங்கடை தண்ணி இறைக்கிற மிசின்தான். அதை ஈடு வைச்சு விளையாடப் போறாராம் அண்ணை. முத்துக்குமாரண்ணை இப்பவே வண்டில் பேசிப்போட்டார்."

முத்துக்குமாருவின் புகையிலைக் கொட்டிலில் ஞாயிறுதோறும் காசுக்கு முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டம் நடக்கும். ஆட்டம் தொடங்க முன்னமே வண்டில் பேசுகிற மனிதர் அவர். மிசின் போனால் தோட்டத்து மிளகாய்க் கன்றெல்லாம் கருகிவிடும். அந்த வருடச் சோறும் அதோடு கருகிவிடும்.

பராசக்தி அழவில்லை. அன்று பின்னேரமே வாசிகசாலைக் கூட்டத்துக்குப் போனாள். அவளும் நிர்வாக சபையில் ஒருத்தி.

விஷயத்தைக் கேட்ட தலைவர் சிவசுப்பிரமணியம், ஊரில் கடுதாசியையே தடைசெய்வோம் என்று மேசையில் குத்தினார். மண்டபம் செத்தவீடாயிற்று. முந்நூற்றுநாலு இல்லாவிட்டால் கரவெட்டி ஆண்களில் பாதிப்பேர் மூச்சுவிட மறந்துபோவார்கள். மீதிப்பேர் வீட்டிலேயே இருந்து பெண்சாதிமாரின் மூச்சை வாங்குவார்கள்.

"தடுத்தால் கொட்டிலுக்கெல்லே போவினம், மாமா," என்றாள் பராசக்தி. "இஞ்சை விளையாடட்டும். காசு வைக்கக்கூடாது. தோற்றவைக்குக் குணுக்கு. அதோடைதான் வீட்டை போகவேணும், சந்தைக்குள்ளாலை."

குணுக்கென்றால், ஈர்க்கிலில் பூவரசம் இலை கோத்து, தோற்றவர் காதில் தொங்கவிடும் தோடு. காசு போவதைத் தாங்குவார்கள். குணுக்கோடு சந்தைக்குள் நடப்பதை எந்த ஆண்பிள்ளை தாங்குவான்?

"இளந்தாரியள் கேப்பாங்களோ, பிள்ளை?"

"சனிக்கிழமை வரச்சொல்லுங்கோ. ஒரு சிரட்டையும் புளியங்கொட்டையும் நான் கொண்டுவாறன்."

சனிக்கிழமை இளந்தாரிகள் தேர்த்திருவிழாவுக்கு வந்ததுபோல் வந்து குவிந்தார்கள். தில்லைநாதனோடு சேர்த்து நாலு பேர் ஆட்டத்தில் இருந்தார்கள். காசுக்குப் பதில் ஆளுக்கு ஒரு குவியல் புளியங்கொட்டை. கொட்டிலில் உள்ள அதே சட்டம்: ஒவ்வொரு ஆட்டம் முடியவும், வென்றவர்கள் இடத்துக்காரனுக்கென்று ஒரு பங்கைச் சிரட்டையில் போடவேண்டும்.

தில்லைநாதனுக்குத் துரும்புச் சீட்டு மழையாகக் கொட்டியது. அவன் முன்னால் குவிந்த கொட்டை மேருமலையாயிற்று. "பாத்தியே?" என்று மனைவியை ஒரு பார்வை பார்த்தான். வெயில் சாயச் சாய மலை திடலாகி, திடல் வெறுந்தரையாயிற்று. மற்றவர்களுக்கும் அதே கதி.

"எங்கையடா கொட்டையெல்லாம்?" என்றான் ஒருவன்.

பராசக்தி நிரம்பி வழிந்த சிரட்டையைத் தூக்கிக் காட்டினாள். "இண்டைக்கு வெண்டது ஆர்?"

"சிரட்டை!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பில் கூரை ஒரு முழம் எழும்பி இறங்கியது.

"சிரட்டை ஒரு கடுதாசியும் பிடிக்கேல்லை, துரும்பும் கேக்கேல்லை. முத்துக்குமாரண்ணையும் அப்பிடித்தான். ஆர் வெண்டாலும் அவருக்கு ஒண்டுதான்."

தில்லைநாதன் மட்டும் சிரிக்கவில்லை. அடிகாணாத கிணற்றை எட்டிப் பார்ப்பவன்போலச் சிரட்டைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு மத்தியானம், சாப்பிட்ட கையோடு எங்கே என்று சொல்லாமல் வெளிக்கிட்டான். பராசக்திக்குத் தேங்காய் துருவக் கை ஓடவில்லை. பொழுதுபட, வண்டில் சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தாள். வண்டிலில் சாக்குப் போட்டு மூடிய பெரிய உருப்படி ஒன்று.

"மார்க்கண்டு, மிசினோடா அது?"

சாக்கு அசைந்தது. உள்ளேயிருந்து முத்துக்குமாருவின் தலை வெளியே வந்தது. ஒவ்வொரு காதிலும் தோள்வரை குணுக்கு!

"சிரிக்காதை பிள்ளை," என்றார் அவர்.

"கொட்டிலுக்கு ஒரு காகமும் போகேல்லை அக்கா," என்றான் மார்க்கண்டு. "ஆள் தேடி வாசிகசாலைக்கு வந்தவரைப் பிடிச்சு ஆட்டத்திலை இருத்தித் தோக்கடிச்சுப்போட்டாங்கள். சந்தைக்குள்ளாலை நடக்க வெக்கமாம். மிசினுக்குப் பேசின வண்டிலிலை தானே ஏறியிட்டார்."

வண்டிலுக்குப் பின்னால் தில்லைநாதன் நடந்து வந்தான். காதுக்கு ஒன்றாக இரண்டு குணுக்கு.

"அப்ப மிசின்?"

"கிணத்தடியிலை நிக்குது. விடிய இறைக்கவேணுமெல்லே?"

பராசக்தி படலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவன் காதுக்குக் கையைக் கொண்டுபோனான்.

"இஞ்சாருங்கோ, கழட்டாதேங்கோ. மிளகாய்க் கன்றுகளும் ஒருக்காப் பாக்கட்டும்."