ஷஹானா சொன்ன கார்டு

தென்காசிப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இசக்கிமணி கம்ப்யூட்டர் கடை வைத்துப் பதினோரு வருஷமாகிறது. சுரண்டையிலிருந்து புளியறை வரைக்கும் கேம் விளையாடக் கம்ப்யூட்டர் வாங்க நினைக்கிற எவனும் முதலில் அவனிடம்தான் வருவான். கேமில் படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு என்விடியாவா, ஏஎம்டியா, கொடுத்த காசுக்கு எது நன்றாக ஓடும் என்று கேட்பான். இசக்கிமணி எதைக் கைகாட்டுகிறானோ அதுதான் முடிவு.

இப்போது வருகிறவர்கள் போனை நீட்டுகிறார்கள்.

"அண்ணாச்சி, ஷஹானாக்கா இந்தக் கார்டுதான் நல்லதுன்னு சொல்லுதாவ. இருக்கா?"

ஷஹானா தன் முதல் கம்ப்யூட்டரை அவன் கடையில்தான் வாங்கினாள். அப்போது காலேஜில் சேர்ந்த புதிது. இன்று வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, கார்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வீடியோ போடுகிறாள். நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். இசக்கிமணியும் ஒன்றுவிடாமல் பார்ப்பான். எங்கேயாவது தப்பாகச் சொல்லமாட்டாளா என்றுதான் பார்ப்பான். அவள் சொல்லமாட்டாள். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

"அந்தப் புள்ள வீடியோவ ஏன் இப்படி மொறச்சுக்கிட்டே பாக்குதிய?" என்று மனைவி சங்கரேஸ்வரியே கேட்டுவிட்டாள்.

ஆனி மாதம் பட்டாளத்து உச்சிமாகாளி கடைக்கு வந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். குற்றாலத்தில் ஐந்தருவி போகிற வழியில் ஒரு ஹாலை வாடகைக்குப் பிடித்திருந்தார்.

"அருவியில தண்ணி கூடிட்டா போலீஸ்காரன் குளிக்க விடமாட்டான். வந்த பயலுவ லாட்ஜுல மோட்டுவளையப் பாத்துட்டுக் கெடக்கானுவ. அங்கன பத்து கம்ப்யூட்டர் போட்டா கேம் விளையாடுவானுவள்லா? நீ என்விடியான்னு சொல்லுத. அந்த ஷஹானா புள்ள ஏஎம்டிதான் லாபம்னு சொல்லுது. ரெண்டையும் என் கண்ணு முன்னால ஓட்டிக் காட்டுங்க. ஜெயிக்கதுல பத்து எடுத்துக்கிடுதேன்."

அவர் அந்தப் பெயரையும் தன் பெயரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசியது இசக்கிமணிக்குச் சுருக்கென்றது.

சனிக்கிழமை காலை கடையிலேயே என்று முடிவானது. ஒரே மாதிரி இரண்டு கம்ப்யூட்டர் பெட்டிகளை அவன்தான் தயார் செய்தான். ஒன்றில் அவனுடைய ஆர்டிஎக்ஸ் 5060. மற்றதில் ஷஹானா சொன்ன ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. விலை கொஞ்சம் கூட என்றாலும் கார்டில் மெமரி இரு மடங்கு. நாலு வருஷம் தாங்கும் என்பது அவள் வாதம். ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் காட்டுகிற வித்தையிலும் மென்பொருள் வசதியிலும் என்விடியாவுக்கு ஈடில்லை என்பது அவன் வாதம். வெள்ளிக்கிழமை தனியாக ஓட்டிப் பார்த்தான். உச்சிமாகாளி சொன்ன கேமில் அவள் கார்டுதான் முந்தியது. அதிகமில்லை, நொடிக்குப் பத்து ஃபிரேம். அந்தப் பத்து ஃபிரேம் அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அவள் பெட்டியைத் திறந்து, இரண்டு ரேம் பட்டைகளில் ஒன்றைக் கழற்றி டிராயருக்குள் போட்டுவிட்டு, திருகாணியை இறுக்கினான்.

மறுநாள் அவள் பெட்டி திணறியது. படம் நின்று நின்று ஓடியது. திரை மூலையில் ஃபிரேம் எண் நாற்பதுக்குக் கீழே விழுந்தது. ஷஹானாவின் முகம் வெளுத்துப்போனது. அவள் பெட்டியைச் சந்தேகப்படவில்லை. அது இசக்கிமணி அண்ணாச்சி பூட்டிய பெட்டி.

"நாந்தான் எங்கயோ தப்பாப் பாத்துட்டேன் போல, அண்ணாச்சி. அந்த வீடியோல சொன்னதத் திருத்திச் சொல்லிருதேன்."

உச்சிமாகாளி பத்து கம்ப்யூட்டருக்கும் அவனிடமே ஆர்டர் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே அவள் வீடியோ போட்டாள். தென்காசியில் ஒரு சோதனையில் தன் கணக்கு பொய்த்தது, இசக்கிமணி அண்ணாச்சி சொன்னதே சரி, அந்தக் கார்டை வாங்குவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் என்றாள். இசக்கிமணி மூன்று தடவை பார்த்தான். இனிப்பாகத்தான் இருந்தது, கீழே எழுதியிருந்ததைப் படிக்கிற வரைக்கும்.

'தப்பைத் தப்புன்னு சொல்லுத மனசு யாருக்கு வரும்? இனி நீங்க சொன்னாத்தான் வாங்குவேன்.' இப்படியே நூறு பேர். ஜெயித்தவனைப் பற்றி ஒருவனும் ஒரு வரி எழுதவில்லை. தோற்றும் நல்ல பேரை அவளே வாங்கிக்கொண்டு போய்விட்டாளே என்று வயிறு எரிந்தது.

செவ்வாய்க்கிழமை ஷஹானா போன் செய்தாள். அதே கார்டு வைத்திருக்கிற பலபேர் தங்கள் எண்களை அனுப்பியிருக்கிறார்கள். எதுவும் நாற்பதில் இல்லை.

"நாளைக்கு வாரேன் அண்ணாச்சி. அந்தப் பெட்டிய இன்னொருக்கப் பாப்பமா?"

ரேமைத் திரும்ப மாட்ட அவனுக்கு நேரம் நிறைய இருந்தது. டிராயரைத் திறந்து அதைக் கையிலும் எடுத்தான். மாட்டினால் அவள் ஜெயிப்பாள். மாட்டாவிட்டால் மாட்டிக்கொள்வான். அவள் ஜெயிப்பதை இரண்டாம் தடவை பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. டிராயரை மூடினான்.

மறுநாள் ஷஹானா கேமைப் போடவேயில்லை. இரண்டு கம்ப்யூட்டரிலும் விவரப் பக்கத்தைத் திறந்தாள்.

"உங்க கார்டு இருக்க பெட்டியில ரேம் பதினாறு ஜிபி. இதுல எட்டுதான் காட்டுது." மெதுவாகத் திரும்பினாள். "ஒண்ணு கழண்டு கெடக்கா?"

"கழட்டுனது நாந்தான்."

"ஏன் அண்ணாச்சி?"

"என் கடைக்குள்ள வந்து நின்னுக்கிட்டு ஒவ்வொருத்தனும் ஒன் பேரச் சொல்லுதான். பதினோரு வருசமா எம்பேரத்தான் சொன்னானுவ. தாங்கல புள்ள."

அவள் கண் நிறைந்தது. சத்தம் போடவில்லை. "உச்சிமாகாளி சாருட்ட நீங்களே சொல்லிருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

சொன்னான். "கூட நிக்கவன் துப்பாக்கியில குண்ட உருவுனவனுக்குப் பட்டாளத்துல என்ன தண்டன தெரியுமாலே?" என்று கேட்டு உச்சிமாகாளி போனை வைத்துவிட்டார். குற்றாலம் ஹாலுக்குப் பத்து கம்ப்யூட்டரும் திருநெல்வேலிக் கடையிலிருந்து வந்து இறங்கின. அத்தனையிலும் ஷஹானா சொன்ன கார்டு.

அவள் மறுபடி ஒரு வீடியோ போட்டாள். சோதித்த பெட்டியில் ஒரு ரேம் குறைந்திருந்தது, பார்க்காமல் விட்டது தன் தவறு என்றாள். கடைப்பெயர் இல்லை, ஆள்பெயர் இல்லை. இசக்கிமணி கடைசி நொடிவரை காத்திருந்து பார்த்தான். திட்டியிருந்தால் அவளை வெறுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பான். இப்போது அந்தப் பெருந்தன்மையும் சேர்ந்து அவன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. தனக்கு ஏன் இது வரவில்லை என்று அதற்கும் பொறாமைப்பட்டான்.

மறுநாள் கடை திறந்ததும் மொத்த வியாபாரிக்குப் போன் செய்து, அந்தக் கார்டில் ஐந்து அனுப்பச் சொன்னான்.

"நீங்க ஏஎம்டி எடுக்க மாட்டியளே அண்ணாச்சி, இப்ப என்ன?" என்றார் வியாபாரி.

"கேக்குதானுவ" என்றான் இசக்கிமணி. யார் சொல்லிக் கேட்கிறார்கள் என்பது மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை.