ஒரே கரைக்குப் பல பெயர்

1988-இல் ஆரணி நெசவாளர் சங்கம் ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பதினேழு நோட்டுகளில் இருந்த புடவைக் கரைகளின் பட்டியலை அதில் ஏற்றும் பொறுப்பு ஸ்டோர் கிளார்க் லீலாவுக்கு. நோட்டில் உள்ளபடியே டைப் அடித்தால் ஒரு வாரத்தில் முடியும் என்றார் சென்னையிலிருந்து வந்த புரோகிராமர் சிவப்பிரகாசம்.

"அப்படியே ஏத்தினா தப்பும் சேர்ந்து ஏறிடும் சார். ஒரே கரைக்குத் தெருவுக்கு ஒரு பேர் சொல்லிகினு இருக்காங்க. ஒரு மாசம் குடுங்க," என்றாள் லீலா.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மாதிரித் துண்டைத் தேடியெடுத்து, எண் தைத்து, சங்கக் கூடத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். பட்டு நூல் வாங்க வந்த நெசவாளர்களை எல்லாம் நிறுத்திப் பார்க்கச் சொன்னாள். முள்ளிப்பட்டு தசரதன் இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்தார்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. நாங்க மிளகுக்கண்ணுன்றோம், டவுன்ல புளியங்கொட்டைன்றாங்க."

மாதம் முடிந்தபோது நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் இருநூற்று அறுபத்தெட்டுக் கரைகளாகச் சுருங்கியிருந்தன. ஆனால் ஒரு பெயரைக்கூட விட லீலா சம்மதிக்கவில்லை. ஒரே எண்ணின் கீழ் எல்லாப் பெயர்களையும் வைக்க வேண்டும் என்றாள். சிவப்பிரகாசம் முனகிக்கொண்டே புரோகிராமை மாற்றி எழுதினார்.

சோதித்துப் பார்த்த நாளில் மிளகுக்கண் என்று தேடினாலும் புளியங்கொட்டை என்று தேடினாலும் ஒரே எண் திரையில் வந்தது. கூடியிருந்த நெசவாளர்கள் கை தட்டினார்கள்.

"நீங்க செஞ்சதை வரிசையா எழுதித் தர்றீங்களா மேடம்? அடுத்த ஊர்ல இப்படித்தான் ஆரம்பிக்கணும்," என்றார் சிவப்பிரகாசம்.

லீலா இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள்.