அழுத்தினால் திக்கும் கார்

பெனிட்டாவுக்குப் பொறுமை போய்விட்டது. மூன்று வாரமாக இதே பாடு. ஆக்சிலேட்டரை அழுத்தினால் கார் திக்கித் திணறி, இழுவையே இல்லாமல் போய்விடுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது. மாமனார் அந்தோணிமுத்து.

"கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே ஓட்டுனா இஞ்சின் என்னத்துக்காகும்? பொம்பள கைக்குப் போனதுலருந்துதான் இந்தக் கேடு."

இன்றைக்கும் கோளாறு பிடிபடாவிட்டால் திங்கட்கிழமை காரை விற்றுவிடுவார். வாங்க ஆளும் பார்த்தாயிற்று. அப்புறம் அவள் அனுமந்தன்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி, மணி அடித்த பிறகு கோம்பைப் பள்ளிக்குள் நுழைந்து, தலைமையாசிரியரிடம் தினமும் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பக்கத்தில் இருந்த மெக்கானிக் ஷானவாஸ் ஏற்கெனவே பிளக்கை மாற்றி, பெட்ரோல் பில்டரை மாற்றி அலுத்துப்போயிருந்தான். "டீச்சர், நீங்க எறங்குங்க. ஐயா ஓட்டட்டும்."

அந்தோணிமுத்து முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. மாதா சப்பரம் மாதிரி கார் நகர்ந்தது. "பாத்தியா? எங்கிட்ட சத்தங்காட்டுதா?"

"நல்லா அழுத்துங்கய்யா," என்றான் ஷானவாஸ்.

அழுத்தினார். கார் திக்கியது, குலுங்கியது, பைபாஸ் ஓரத்தில் நின்றே போனது. இப்போது கிளட்ச்சை மிதித்தது யாராம்? பெனிட்டாவுக்கு ஆத்திரத்தில் சிரிப்பு வந்தது.

"மெதுவாப் போனா ஒண்ணுமில்ல, அழுத்துனா மூச்சு முட்டுது. காத்து வாரத என்னமோ மறிக்குது." ஷானவாஸ் பானெட்டைத் திறந்து, காற்று உள்ளே போகிற குழாயைக் கழற்றி, விரலை விட்டு இழுத்தான். முழுசாக ஒரு புகையிலை வந்தது. "வேகமா இழுக்குறப்ப இது போயி அடைச்சுக்கிருது. யாரு வச்சது?"

அந்தோணிமுத்து ரோட்டைப் பார்த்தார். "எலி வயரக் கடிக்குதேன்னு, பொகையில நெடிக்கு அண்டாதுன்னு நாந்தான் பானெட்டுக்குள்ள வச்சேன். அது கொழாய்க்குள்ள போகும்னு என்னத்தக் கண்டேன்." உடனே குரல் ஏறியது. "ஓட்டுறவதான பானெட்டத் தொறந்து பாக்கணும்?"

பெனிட்டா பல்லைக் கடித்துக்கொண்டு சாவிக்குக் கை நீட்டினாள். "மாமா, என்னாலதான் வண்டி கெட்டுச்சுன்னு எத்தன பேருகிட்டச் சொன்னீக?"

"ஒரு பத்து வீட்டுல சொல்லியிருப்பேன்."

"ஏறுங்க. பத்து வீட்டுக்கும் போவோம். நீங்களே அந்த எலயக் காட்டிச் சொல்லுங்க."

அவர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து மெல்லச் சொன்னார். "சம்பந்தி வீட்டுக்கு மட்டும் வேணாம் ஆத்தா."

ஆக, அப்பா காதுவரைக்கும் போயிருக்கிறது. பெனிட்டா வண்டியைக் கிளப்பினாள்.

"அங்கனதான் மொதல்ல போறோம்."