ஓரம் வெட்டிய படிவம்

அவளுக்கு முதல் வேலை, ஓரத்தை வெட்டுவது. குடும்பநல நீதிமன்றத்திலிருந்து கட்டுக் கட்டாக வரும் பழைய காகிதப் படிவங்களை ஸ்கேன் செய்து, திரையில் நான்கு பக்கமும் இழுத்துக் கத்தரித்தால் ஓரம் போய்விடும். பிறகு இணையத்தில் நிரப்புவதற்குக் கட்டம் போட வேண்டும். பெயருக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று, கையெழுத்துக்கு அகலமாக ஒன்று. நிரப்பாமல் தாண்டக் கூடாத கட்டத்தின் தலைமாட்டில் ஒரு சிவப்பு நட்சத்திரம். விவாகரத்து, ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் இருப்பது என்று எல்லாப் படிவங்களும் அவள் கை பட்டுத்தான் போயின. அலுவலகத்தில் அவளுக்கு 'நட்சத்திரக்கா' என்றே பெயர்.

சில படிவங்களில் யாரோ நிரப்பிய எழுத்து இருக்கும். கட்டத்துக்குள் அடங்காததை ஜனங்கள் ஓரத்தில் எழுதியிருந்தார்கள். 'அவர் இருக்கிற இடம் தெரியாதுங்க ஐயா.' 'அடிக்குப் பயந்து வந்துவிட்டேன், விலாசம் தர முடியாது.' சாயங்காலம் அதையெல்லாம் கணவனிடம் சொல்வாள். "வெட்டுறதுதான் வெட்டுற, படிச்சிட்டாவது வெட்டு" என்பான் அவன். இப்போதும் படித்துவிட்டுத்தான் வெட்டுகிறாள். சொல்லத்தான் ஆளில்லை.

பஸ் டிப்போவில் வேலை முடித்துக் கை கழுவப் போனவன், குழாயை மூடுவதற்குள் சரிந்துவிட்டான். அவள் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை; அவன் கையில் சோப்பு அப்படியே ஒட்டியிருந்தது.

வீட்டில் மிச்சம் அவளும் அவன் தங்கை மகளும். தாய் தகப்பன் இரண்டு பேரையும் இழந்த பிள்ளையை நடை பழகும் வயதில் தூக்கி வந்து வளர்த்தார்கள். தாய்மாமன் என்பதால் அவனைத்தான் நீதிமன்றம் பாதுகாவலராகப் பதிந்திருந்தது. அவன் போனபின் குழந்தைகள் நல அதிகாரி வந்து, சமையலறை வரை எட்டிப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே சொன்னார்:

"ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள உங்க பேருக்கு மாத்தி ஆர்டர் வாங்கிடுங்கம்மா. இல்லேன்னா பிள்ளைய காப்பகத்துக்குக் கூட்டிட்டுப் போறதத் தவிர எங்களுக்கு வேற வழியில்ல."

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் தனக்கான படிவத்தைத் திறந்தாள். மூன்றாம் பக்கத்தில் கை நின்றது. 'தற்போதைய பாதுகாவலரின் ஒப்புதலும் கையொப்பமும்.' தலைமாட்டில் நட்சத்திரம். மேலிருந்து வந்த பட்டியலைப் பார்த்து அவளே போட்டது. அதை நிரப்பாதவரை கீழே 'அடுத்து' என்ற பொத்தான் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது.

"என்னக்கா, சாப்பிடற நேரத்துலயும் நட்சத்திரம் எண்ணிக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி.

"இது என் படிவம்டி."

நாற்காலிக்காரி மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரர்தான் இல்லியே. அவரு எப்படிக்கா ஒப்புதல் குடுப்பாரு?"

"அத இந்தப் பொத்தான்கிட்ட நீயே சொல்லு."

சூப்பர்வைசர் சுழல் நாற்காலியில் அரை வட்டம் திரும்பினார். "நட்சத்திரத்த எடுக்கறது ஒரு நிமிஷ வேலைதான். ஆனா நாம தொடக் கூடாது. அதுக்கு நீதிமன்றத்துக் கமிட்டி உக்காரணும். அவங்க உக்காந்து எந்திரிக்கறதுக்குள்ள உங்க பிள்ளைக்குக் கல்யாணமே ஆயிடும்." சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் மேஜையிலிருந்த பேனாக்களை எடுத்து அடுக்கினார். பிறகு குரலைத் தணித்தார். "நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க. அந்தக் கட்டத்துல ஒரு கோடு இழுத்தாப் போதும், வாங்கிக்கும். யாரு இழுத்தாங்கன்னு அதுக்கென்ன தெரியும்?"

"பொய்யாயிடாதா சார்?"

"அவனவன் எதையாவது போட்டுத்தாம்மா அனுப்பறான்."

அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு நீதிமன்றத்துக்குப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த குமாஸ்தா, அவள் எழுதி நீட்டிய மனுக் காகிதத்தைத் தொடவே இல்லை.

"பேப்பர் வாங்கறதில்லம்மா இப்ப. எல்லாம் ஆன்லைன். ரொம்ப சுலபமாக்கிட்டாங்க, சின்னப் பிள்ளைகூட நிரப்பிடும்."

"நிரப்ப முடியலன்னுதான் சார் வந்திருக்கேன்."

"அப்ப நீங்க சரியாப் பண்ணல. விவரம் தெரிஞ்சவங்க யாரையாவது பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பண்ணுங்க. அடுத்தது யாரு?"

பின்னால் நின்றவர் ஏற்கெனவே முன்னால் வந்திருந்தார். அவள் காகிதத்தை நாலாக மடித்துக்கொண்டு நகர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, பிள்ளை குளிக்கப் போயிருந்த நேரத்தில் தன் போனில் படிவத்தைத் திறந்து மேஜை முன் உட்கார்ந்தாள். கணவனின் கையெழுத்து அவளுக்குத் தெரியும். முதல் எழுத்தில் ஒரு பெரிய சுழி, மற்றதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி ஒரே இழுப்பு. பிள்ளையின் மதிப்பெண் அட்டை முழுக்க அதுதான். விரலால் திரையில் போட்டாள். சுழி அவளுடையதாக வந்தது. அழித்தாள். இரண்டாவது முறை அவனுடையதாகவே வந்துவிட்டது.

பாதுகாவலரின் தொலைபேசி எண்ணும் கேட்டது. அவன் எண்ணைப் போட்டாள். அந்தப் போனை இன்னும் சார்ஜ் போட்டு அலமாரியில் வைத்திருந்தாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை; கேட்க யாரும் வருவதுமில்லை.

'மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்.' டிக் அடித்தாள். கடைசிப் பக்கத்தில் இணைப்புகளுக்கு இடமிருந்தது. அங்கே அவனுடைய இறப்புச் சான்றிதழை ஏற்றினாள். திறந்து பார்ப்பவர் மனுஷராக இருந்தால் புரிந்துகொள்வார். மனுவை அனுப்பினாள். கூடத்தில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

பள்ளிக்கூடம் திறக்கக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து பிள்ளை ஓடி வந்தாள்.

"அத்தை, மாமா போன் சத்தம் போடுது!"

"யாரு?"

"கோர்ட்டுலேர்ந்து மெசேஜ்." படிக்க ஆரம்பித்தாள். "தங்கள் மனு ஏற்கப்பட்டது. அய், ஏத்துக்கிட்டாங்க அத்தை! நான் எங்கயும் போக வேணாம்!"

"மிச்சத்தையும் படி."

பிள்ளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இணைப்பு, இறப்புச் சான்றிதழ், சரிபார்க்கப்பட்டது. ஒப்புதல் அளித்த பாதுகாவலர்... அசல் அடையாள அட்டையுடன்... நேரில் ஆஜராக வேண்டும். தவறினால் மனு... தள்ளுபடி செய்யப்படும்."

அவள் மடித்த சட்டையை மடியிலேயே வைத்திருந்தாள். அது அவன் சட்டை. வாரத்துக்கு ஒருமுறை துவைத்துவிடுவாள்.

"கீழ ஒரு பச்சைப் பொத்தான் இருக்கு அத்தை. 'வருகையை உறுதி செய்க'ன்னு." பிள்ளை கட்டைவிரலை அதன்மேல் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தாள். "அமுக்கட்டுமா?"